எடைச் சீட்டு

கிரிம்ஸ்பி என்கிற மீன் ஊரில் நான்கு பேர்
தங்களுக்குத் தி லேட் போஸ்ட்மென் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.
பிந்தி வரும் தபால்காரர்கள் என்றும் படிக்கலாம்,
போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் என்றும்.
எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது.
க.க.சாவடி, வணிகவரி,
மூன்றாம் கவுண்ட்டர், நிரந்தர இரவுப் பணி.

கணவாய்க் காற்று வாளையாற்றைத் தாண்டி இறங்கும் நேரம்
சிற்றலையில் லண்டன் கொஞ்சம் தெளியும்.
வாரம் ஒருமுறை நாற்பது பாட்டுகளை
வரிசைப்படுத்தி வாசிப்பார்கள்.
நுழைவுப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்துக்குக் "குறிப்பு" என்று பெயர்.
யாரும் அதில் எழுதுவதில்லை.
நான் எழுதினேன்.

முதல் பாட்டு, முப்பத்தொன்பது.
வாசற்படியில் ஒரு கால்.
மறுவாரம் காலை எடுத்துவிட்டார்கள்.
முதல் ஆல்பம் இருபத்தேழு.
பிறகு ஒன்றரை வருடம் எதுவுமில்லை,
ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பலகையும்தான் போய்க்கொண்டிருந்தன.

எண் குறையக் குறைய உயர்வு என்பதை
லாரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.
"நாப்பதாவது வண்டிக்கு டீயே ஆறித்தானுங்க வரும்"
என்றார் ஆறுச்சாமி.

இரண்டாம் ஆல்பம் ஆறு.
அதில் ஒரு பாட்டு,
மீன் சந்தையைப் பூட்டிய மறுநாள்
பூனைகள் வந்து நிற்பதைப் பற்றியது,
ஏப்ரலில் மூன்றாம் இடம்.
ஷிப்டு முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.
என்ன விசேஷம் என்றார்கள்.
தங்கச்சிக்குப் பையன் பிறந்திருக்கிறான் என்றேன்.
எனக்குத் தங்கச்சி இல்லை.

மூன்றாம் ஆல்பத்துக்காக
ஐந்து வாரம் ரேடியோவை விட்டு நகரவில்லை.
நாற்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.
உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில்
பிறகொரு நாள் ஆங்கில வார இதழ் ஒன்று அகப்பட்டது.
பொடி எழுத்தில், தொண்ணூற்று நான்கு.
அதையும் குறித்தேன்,
மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில்.

எடைமேடை பைஜு மட்டும் மறக்கவில்லை.
"மருமோன் நடக்காறாயோ சாரே?"
நடக்கிறான் என்றேன்.

ஒரு ஜனவரியில் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஒரு வண்டி.
பொருள்: பாலிகார்பனேட் கழிவு.
போகுமிடம்: குறிச்சி.
எடை பதினோரு டன் நானூறு, கிலோ பதினெட்டு ரூபாய்.
தார்ப்பாயைத் தூக்கச் சொன்னேன்.
டார்ச் வெளிச்சம் உள்ளே போய்
ஆயிரம் துண்டாய்த் திரும்பி வந்தது.
வட்டத் தகடுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும்
ரம்பம் வைத்த ஒரு விரற்கடை வெட்டு.
கடலில் சாய்ந்து கிடக்கும் சிவப்புத் தபால்பெட்டி,
அதன் மேல் அவர்கள் பெயர்.

மூன்று என்ற எண்ணை நம்பி
இத்தனையும் அடித்துவிட்டார்கள்.

டிரைவர் கொட்டாவி விட்டார். பின்னால் எழுபது வண்டி.
வரியைப் போட்டேன், முத்திரை குத்தினேன்.
ஒன்றே ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன்.
பதினாறு கிராம் இருக்கும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே காட்டாது எங்கள் எடைமேடை.
பைஜு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.
குறிப்பில் எழுதினேன்:
இந்த வாரம், க.க.சாவடி, முதலிடம்.

தகடு உள்ளிருந்து வெளியே பாடும் என்பது
அதை வெட்டியவருக்குத் தெரியுமோ என்னவோ.
வெட்டு ஓரத்தில்தான்.
பைஜுவின் அறையில், அவன் பிளேயரில்,
ஏழு பாட்டுகள் பிசிறில்லாமல் வந்தன.
எட்டாவதில் ஒருவன் மூச்சை இழுத்தான்,
பிறகு டிக் டிக் டிக்.
மிச்ச நான்கும் என்னவென்று தெரியாது.
குறிச்சியில் உருக்கி ஹெட்லைட் மூடி செய்கிறார்களாம்.

பைஜுவுக்குப் பாட்டு பிடிக்கவில்லை.
தகட்டை எடுத்து, வெட்டில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு
மருமகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டான்.

ஏழு வரைக்கும் எண்ணுகிறான் என்றேன்.